ஸ்பூன் ஏரியின் தீவு

மொன்டானாவில் ஒரு மலையடிவாரத் தகவல் மையம். அங்கே இருபது கோடைகளுக்கு மேலாக முன்மேசையில் உட்கார்ந்து, ஸ்பூன் ஏரிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள் வெர்னா லிண்ட்குவிஸ்ட்.

"ரொம்பக் கஷ்டமும் இல்ல, ரொம்ப லேசும் இல்லங்க. காலைல போனா சாயங்காலம் திரும்பிடலாம். ஓடைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடக்கும், பாலம் மாதிரி நடந்து போயிடுங்க. ஏரி நடுவுல ஒரு தீவு இருக்கு, அதைப் பாக்காம வந்துடாதீங்க."

இவ்வளவு அழகாகச் சொல்கிறவள் ஏரியைப் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடமே அந்த மரம் வரை போனாள். அடியில் நுரைத்து ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். உட்கார்ந்து சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். மரத்துக்கு அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் அவளுக்கு டோட்டி சொல்லித்தான் தெரியும். டோட்டி பள்ளிக்கூடத்துத் தோழி, இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், ஏரிக்கு மூன்று முறை போனவள்.

வெர்னா மலைக்கே போகாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வருடா வருடம் டோட்டியோடு கிளம்புவாள். அந்த மலையில் கோடை மதியம் இடி இறங்கும். அதனால் பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த சட்டம். வெர்னா அந்தச் சட்டத்துக்குத் தக்கபடி பயணத்தைத் திட்டமிடுவாள். முதலில் உணவு விடுதியில் பான்கேக், பிறகு பெட்ரோல், வழியெல்லாம் ஹக்கிள்பெரிப் பழம் பறிப்பது. மரம் கண்ணில் படும் நேரத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு அடிக்கும். பள்ளியில் கணக்கில் தேறாத பெண் இதில் மட்டும் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்தக் கோடையில் க்வின் என்ற இளம் மேலாளர் வந்து சேர்ந்தான். ஊழியர்கள் தாங்கள் வழி சொல்லும் பாதையில் தாங்களே நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் விபரீதப் பேர்வழி. "ஆகஸ்டு முடியறதுக்குள்ள ஆளுக்கு ஒரு போட்டோ, ஏரிக்கரையில எடுத்தது. இல்லாதவங்க பின்னாடி கடைக்கு மாறிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பின்னாடி கடையில் பஞ்சடைத்த கரடி பொம்மை விற்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் வழி கேட்பதில்லை. அன்றிரவே வெர்னா டோட்டியிடம் ஓடினாள்.

டோட்டி வீட்டுச் சமையலறையில் வரைபடத்தை விரித்துத் திட்டம் போட்டார்கள்.

"பான்கேக் கிடையாது. விடியறதுக்கு முன்னாடி கிளம்பறோம்" என்றாள் டோட்டி.

"மலையாடுகூட வெறும் வயித்தோட ஏறாதுடி."

"வண்டியில உக்காந்து தின்னு. ஹக்கிள்பெரியும் கிடையாது. திரும்பி வரும்போது உன் ஆசை தீர மேய்ஞ்சுக்கோ."

வெர்னாவின் கடைசி நம்பிக்கை முதுகுப்பைதான். கனம் கூடினால் நடை குறையும். டோட்டி அதை மேசைமேல் கொட்டினாள். மழைக்கோட்டு, கரடியை விரட்டும் ஸ்ப்ரே, கொசு மருந்து, முதலுதவிப் பெட்டி இரண்டு, கடைசியில் 'தொம்' என்று ஓர் இரும்பு வாணலி.

"இது எதுக்குடி?"

"மீன் கிடைச்சா வறுக்கலாமேன்னு."

"தூண்டில் எங்க?"

வெர்னா வரைபடத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

சனிக்கிழமை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உதவிக்கு ஒரு மேகம்கூட வரவில்லை. காலை வெயில் சூடேறுவதற்குள் அந்த மரத்தருகே வந்துவிட்டார்கள். தண்ணீர் அதே நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது.

"டோட்டி, நான் இதைத் தாண்டினதே இல்லடி" என்றாள் வெர்னா.

"தெரியும். வருஷா வருஷம் இங்க வந்ததும் உனக்கு மட்டும் இடி கேக்குமே."

"சரி, நீதான் மூணு தரம் போனவ. முன்னாடி போ."

டோட்டி குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "நீ போ. பின்னாடி இருந்து பாத்துக்கறேன்."

பின்னால் இருந்து எதைப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்க வெர்னாவுக்குத் தோன்றவில்லை. தோன்றியது கரடி பொம்மைதான். மரத்தின்மேல் குதிரை ஏறுவதுபோல் கால் போட்டு உட்கார்ந்தாள். இரு கையையும் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்ந்தாள். நடுவில் வந்தபோது ஒரு குடும்பம் பின்னால் கரையில் வந்து நின்றது, முதுகில் கைக்குழந்தையோடு.

"மேடம், நீங்கதானே நேத்து பாலம் மாதிரி நடந்து போகச் சொன்னீங்க?" என்றார் குழந்தையின் அப்பா.

"நடக்கறவங்களுக்கு அப்படித்தான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு வெர்னா மேலே நகர்ந்தாள். மூன்று முறை போன டோட்டியும் அதே ஆசனத்தில் பின்னால் வந்தாள்.

கடைசி ஏற்றம் முடிந்ததும் ஏரி ஒரேயடியாகத் திறந்துகொண்டது. ஓரத்தில் கரையாத பனி, நடுவில் தலைகீழாக ஒரு முழு மலை. வெர்னா முதுகுப்பையை இறக்கி வைத்தாள். பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"டோட்டி, தீவு எங்கடி?"

டோட்டி பனியைக் காலால் கிளறினாள்.

"அடிப்பாவி, நீயும் வந்ததில்லையா!"

"ஊர்ல எல்லாரும் போய்ட்டு வந்தாங்க. நான் மட்டும் அந்த மரத்தைப் பாத்துப் பயந்துட்டேன்னு எப்படிடி சொல்றது? ஏரின்னா நடுவுல ஒரு தீவு இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுச்சு, வச்சுட்டேன்."

வெர்னா சிரிக்கத் தொடங்கிப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை கோடைகளில் எத்தனை பேர் திரும்பி வந்து, "தீவு பிரமாதம், மேடம்" என்று சொல்லியிருக்கிறார்கள்! ஒருவர் அதுவரை நீந்திப் போனதாகக்கூடச் சொன்னார். அதைச் சொன்னதும் டோட்டியும் பக்கத்தில் விழுந்து சிரித்தாள். நீந்திப் பார்த்துவிடுவது என்று இருவரும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு உடுத்திய துணியோடு இறங்கினார்கள். போட்ட கூச்சலில் எதிர்ப்பாறையிலிருந்த மலையாடுகள் இடம் மாறின. மீன் பிடிக்க வந்த யாரோ அதைப் படம் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை க்வின் அந்தப் படத்தை முன்மேசைக்கு மேலேயே மாட்டினான். அன்று வந்த முதல் பயணி அதைப் பார்த்துவிட்டு வெர்னாவிடம் ஏரிக்கு வழி கேட்டார்.

"மரத்தை உக்காந்தே தாண்டுங்க, ஒண்ணும் கௌரவம் குறைஞ்சிடாது" என்றாள் வெர்னா.

"நடுவுல தீவு ஒண்ணு இருக்காமே, மேடம்?"

"போன சனிக்கிழமை வரைக்கும் இருந்துச்சுங்க."