என் எழுத்தும் அவர் கையொப்பமும்

தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் தாளாளர் இன்னமும் மேடையேறிக்கொண்டிருக்கிறார். நானும் சேர்ந்து அவருக்கு விளம்பரம் தர வேண்டாம்.

அங்கே நன்றி சொல்வது என் மேஜை வேலைகளில் ஒன்று. கடைக்காரர் ஒருவர் மின்விசிறிகள் வாங்கித் தருவார். பழைய மாணவர் ஒருவர் பெஞ்சுகள் செய்து கொடுப்பார். மறுநாள் தாளாளர் பெயரில் ஒரு மின்னஞ்சல் போகும். கணினியில் ஒரே கடிதம் எப்போதும் தயாராக இருந்தது. பெயரையும் பொருளையும் மாற்றி அனுப்ப வேண்டியதுதான். ஒருமுறை பொருளை மாற்ற மறந்துவிட்டேன். மின்விசிறி கொடுத்தவருக்குப் பெஞ்சு கொடுத்ததற்காக நெஞ்சார்ந்த நன்றி போய்ச் சேர்ந்தது. அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: “நான் கொடுத்தது மேலே சுற்றுவது, கீழே உட்காருவது அல்ல.”

தாளாளர் என்னைத் திட்டவில்லை. அந்த வாரம்தான் கோயம்புத்தூரில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்திருந்தார். மின்னஞ்சலை யாரும் படிப்பதில்லை, கையால் எழுதிய கடிதத்தை யாரும் தூக்கிப்போடுவதில்லை என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைத் தானே கண்டுபிடித்ததைப் போல என்னிடம் சொன்னார்.

“இனிமே எல்லாம் கையெழுத்துலதான் போகணும்மா. அதுல ஒரு உயிர் இருக்கு பாத்துக்கிடுங்க.”

“சரி சார். நல்ல பேப்பரா வாங்கி வச்சிருதேன். எப்ப எழுதுதீங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நானா? என் எழுத்து எனக்கே புரியாது. ஒங்க எழுத்துதான் அச்சுல வார்த்த மாதிரி இருக்குல்லா. நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன்.”

முதல் பத்துக் கடிதங்களை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ரொம்பச் சுத்தமா இருக்கே. பிரிண்ட் எடுத்த மாதிரில்லா தெரியுது. அங்கங்க ஒரு வார்த்தைய அடிச்சு எழுதுங்க. அப்பதான் மனசுல இருந்து வந்த மாதிரி இருக்கும்.”

அன்றிலிருந்து நான் திட்டம் போட்டுத் தப்பு செய்தேன். ‘நெஞ்சார்ந்த’ என்று எழுதி, அடித்து, பக்கத்தில் ‘மனமார்ந்த’ என்று எழுதுவேன். மூன்றாவது பத்தியில் ஒரு சொல்லை விட்டுவிட்டு மேலே செருகுவேன். கடிதம் கிடைத்தவர்கள் உருகிப்போனார்கள். ஒருவர் தொலைபேசியில் அழுதார். இன்னொருவர் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பள்ளிக்கு ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை அனுப்பிவைத்தார். அவர்கள்மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்களே என்று இளக்காரமாகத்தான் இருந்தது. தாளாளர்மேல் இருந்த இளக்காரத்தைச் சொல்லவே வேண்டாம். நான் மட்டும் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளம் வந்த வருஷம் பள்ளியின் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். வேதியியல் ஆய்வகம் தரைத்தளத்தில்தான் இருந்தது. தண்ணீர் வடிந்தபோது குடுவைகளும் சோதனைக் குழாய்களும் சேற்றுக்குள் கிடந்தன. தாளாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் வாரிக் கொட்டிருங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

செய்தி எப்படியோ ஏரலுக்குப் போயிற்று. அங்கேதான் எங்கள் பழைய வேதியியல் டீச்சர் தங்கையோடு இருந்தார். அந்த ஆய்வகத்தை அலமாரி அலமாரியாக உருவாக்கியவர் அவர்தான். நானும் அந்தப் பள்ளியில் அவரிடம் படித்தவள். ஏரலில் அவர் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தது. அதைக் கழுவி முடித்த கையோடு இங்கே வந்துவிட்டார். இரண்டு வாரம் தினமும் பஸ்ஸில் வந்து போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு குழாயாகக் கழுவி, பழைய செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தார். மருந்துப் பாட்டில்கள் பலவற்றில் ஒட்டியிருந்த தாள் கரைந்து போயிருந்தது. இது இன்ன மருந்தாக இருக்கும் என்று உதவிக்கு நின்ற ஆயா ஊகம் சொன்னபோது டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட பாட்டில்களை ஓர் ஓரமாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ‘தெரியாது’ என்று எழுதி ஒட்டினார். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது இதையெல்லாம் பார்த்தேன். தாளாளர் அந்தப் பக்கம் ஒருநாள்கூட வரவில்லை.

டீச்சர் வேலையை முடித்ததும் தாளாளர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “அந்த ஏரல் டீச்சருக்கும் ஒண்ணு போட்டுருங்க.”

அந்த ஒரு கடிதத்தை மட்டும் நான் வழக்கமான வாசகத்தில் எழுதவில்லை. பேனாவை எடுத்ததும் தானாக வந்தது. டீச்சர் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததை எழுதினேன். ‘தெரியாது’ என்று ஒட்டிய பாட்டில்களைப் பற்றி எழுதினேன். இந்தப் பள்ளியில் அப்படி எழுதி ஒட்டும் தைரியம் வேறு யாருக்கும் இருந்ததில்லை என்றும் எழுதினேன். அடித்தல் திருத்தல் எதுவும் வைக்கவில்லை. அடியில் தாளாளர் படித்துப் பார்க்காமல் கையொப்பம் போட்டார். உறையில் போட்டு நானே தபாலில் சேர்த்தேன். அன்று சாயங்காலம் என்னைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து டீச்சர் வந்தார். இஸ்திரி போட்ட சேலை, தோளில் கைப்பை, கையில் அந்தக் கடிதம். தாளாளரைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் உள்ளே அழைத்துப் போனேன்.

“சார், முப்பது வருஷத்துக்கு மேல இங்க இருந்தேன். நீங்க என் முகத்தப் பாத்துப் பேசினதாவே எனக்கு ஞாபகம் இல்ல. தப்பா நெனச்சிட்டேன். இவ்வளவு கவனிச்சிருக்கீங்க. அந்தப் பாட்டில் விஷயமெல்லாம் எப்படி சார் ஒங்களுக்குத் தெரியும்? நீங்க லேப் பக்கமே வரலையே?”

தாளாளருக்கு எந்தப் பாட்டில் என்றே புரியவில்லை. ஆனாலும் கண் இமைக்காமல் சொன்னார்: “நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்.”

டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. தாளாளர் உடனே ஆளைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னார். கடிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி மூன்று முறை எடுத்தார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெளியே வந்தவர் என்னிடம் சொல்லிக்கொண்டு போக என் மேஜைக்கு வந்தார். அங்கே அன்றைய கடிதம் பாதியில் கிடந்தது. ‘நெஞ்சார்ந்த’வை அப்போதுதான் அடித்திருந்தேன். அதைப் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“இத எழுதினது நீயா?”

“ஆமா டீச்சர்.”

“அவரு சொல்லச் சொல்ல எழுதினியா?”

“இல்ல டீச்சர். நானாத்தான் எழுதினேன். எல்லாம் நெசமாத்தான் எழுதினேன்.”

“அப்போ கீழ அந்தாளு பேரு என்னத்துக்கு இருக்கு?”

பாதியில் கிடந்த கடிதத்தைக் கையால் மறைத்தேன்.

“உள்ள அங்கனதான நின்ன? நான் அந்தாளக் கையெடுத்துக் கும்பிட்டேனே, பாத்துக்கிட்டுத்தான இருந்த? வாயத் தொறந்தியாட்டி?” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. “அவன் படிக்காமக் கையெழுத்துப் போட்டான். நீ படிச்சு, யோசிச்சு, அழகா எழுதி அவன்கிட்டக் கொடுத்திருக்க. ரெண்டு பேர்ல யாரு மோசம்னு நீயே யோசி.”

கடிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தப் போட்டோ மறுநாள் பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் வந்தது. ‘தாளாளர் கைப்பட எழுதிய கடிதம்: நெகிழ்ந்த ஆசிரியை’ என்று தலைப்பு. தட்டச்சு செய்து போட்டவள் நான்தான். அதன் கீழே நூற்றுக்கணக்கில் கும்பிட்ட கைகள்.

மனம் கசந்து அன்றே வேலையை விட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. நான்கு மாதம் கழித்துப் பாளையங்கோட்டையில் இதைவிட நல்ல வேலை கிடைத்தது, அதனால் போனேன். போன பிறகு பள்ளியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் சேவைக்கு நன்றி. என் இடத்துக்கு வந்த பெண்ணின் எழுத்து. இரண்டு இடத்தில் அளவாக அடித்திருந்தாள். முழுதாகப் படிக்காமல் குப்பைக்கூடையில் போட்டேன்.

கையால் எழுதினால் நிஜம், தட்டச்சு செய்தால் பொய் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. அந்த மின்னஞ்சல்கள் சோம்பேறித்தனமானவை. ஆனால் அந்தச் சோம்பேறித்தனம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நான் மையால் எழுதியவற்றில் அந்த யோக்கியதைகூட இல்லை.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கப் பலமுறை பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதியதும், என் எழுத்தே எனக்குக் கள்ள நோட்டு மாதிரித் தெரியும். கிழித்துவிடுவேன். கடைசியில் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது கைபேசியிலேயே தட்டி மின்னஞ்சலாக அனுப்பினேன். ஐந்தாறு வரிதான். அடியில் என் பெயர்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘கிடைத்தது. மன்னிப்பு என்ற சொல்லை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.’

போனேன். வரவேற்பெல்லாம் பெரிதாக இல்லை. கதவைத் திறந்துவிட்டு, “செருப்ப அங்கனயே போடு” என்றார். தங்கை காப்பி கொண்டுவந்து வைத்தார். கடிதத்தைப் பற்றி டீச்சர் எதுவும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீச்சர், வெள்ளத்தின்போது ஒரே ஒரு மூட்டை அரிசியைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று போட்டோ எடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தார். யார் யார் எப்படிப் பல்லைக் காட்டினார்கள், மூட்டை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நடித்தே காட்டினார். தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறி எழுந்து போனார். நானும் சிரித்தேன்.

“நீ சிரிக்காத” என்றார் டீச்சர். “ஒனக்கு இன்னும் அந்த உரிமை வரல.”

சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.