தகரப்பெட்டியோடு நெல்லிவாசல் ஏறிய கதை

ஜவ்வாது மலைக்கு எப்படிப் போவது என்று கேட்கிறீர்கள். நான் போனது அறுபதுகளில், ஒரு பங்குனி வெயிலில். அந்த வருஷம் சாமை பொய்த்துவிட்டது. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு அரசாங்கம் தானியம் கொடுப்பதாக இருந்தது. வீட்டுக்கு எத்தனை பேர் என்பதை மெட்ராஸில் எங்கள் ஆபீஸ் அட்டைகளில் ஓட்டை போட்டு வைத்திருந்தது. தானிய ஆபீஸிலோ வேறு கம்பெனி மெஷின். அதன் வாயில் இந்த அட்டை நுழையவில்லை. சனிக்கிழமைக்குள் பட்டியல் வராவிட்டால் தானியம் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும் என்றார்கள்.

திரும்ப எண்ணிவர கிளார்க் சுந்தரத்தையும் பியூனான என்னையும் அனுப்பினார்கள். அட்டைகள் அரசாங்கச் சொத்து, விட்டுவிட்டுப் போகக் கூடாதாம். அட்டை இரண்டு ராத்தல், அதை வைத்த தகரப்பெட்டி எட்டு ராத்தல். இரண்டும் என் தலையில்.

செங்கம் வரை பஸ், நாலே முக்கால் ரூபாய். அங்கிருந்து அடிவாரத்துக்குக் காதர் பாய் ஜீப், ஆளுக்கு ஒரு ரூபாய்.

"பொட்டில இன்னா அண்ணே?"

"ஓட்டை, பாய்."

"ஓட்டையத் தூக்கினு போவ ரெண்டு ஆளா?"

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். ஏழு மைல் ஏற்றம், நாலரை மணி நேரம். மேலே போனால் ஊரில் ஆளே இல்லை.

"எல்லாம் புளி அடிக்கக் காட்டுக்குப் போய்ட்டாங்க. ஞாயித்துக்கெழமதான் வருவாங்க" என்றார் தனியாக இருந்த ஊர்க்கவுண்டர்.

சுந்தரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கவுண்டர் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார்.

"தொடாதீங்க, அது மெஷின் படிக்கிறது" என்றார் சுந்தரம்.

"மேல இன்னாங்க, எறும்பு ஊர்ற மாதிரி?" கவுண்டர் சந்தையில் புழங்கியவர், எழுத்து தெரியாது, எண் தெரியும். "பதினாலாம் நம்பர் வூடு. ஆறு பேரு. நம்ம வூடுதான்."

ஓட்டை போட்ட மெஷினே அட்டையின் மேல் ஓரத்தில் எண்ணையும் பொடியாக அச்சடித்திருந்தது. மெட்ராஸில் பத்துப் பேர் அந்த அட்டைகளைப் பார்த்தோம். பத்துப் பேரும் ஓட்டையையே பார்த்தோம்.

நான் படிக்க, சுந்தரம் எழுத, மூன்று மணி நேரம்.

"சார், மெஷினுக்குத் தொண்டை காயுது. மோர் ஊத்தச் சொல்லுங்க."

"பேசாம படிய்யா."

நடுவில் கவுண்டர் மறித்தார். "அந்த வூட்ல போன மாசம் பொண்ணு பொறந்துச்சு. ஒண்ணு கூட்டிக்குங்க."

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பட்டியலைக் கொடுத்தோம். தானிய ஆபீஸர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அட்டை எங்கே?" என்றார்.

"கண்ணாலயே படிக்கலாம் சார்" என்றார் சுந்தரம். ஆபீஸர் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் தானியம் மலையேறியது.

போகிறவர்கள் விடியலிலேயே ஏறுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெஷின் சொல்வது இன்னொன்றுக்குப் புரியவில்லை என்று யாராவது உங்களை அனுப்பினால், கிளம்புமுன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏழு மைல் மிச்சமாகலாம்.