எஸ்தர் அக்கா உயரத்தில் வைத்த பூக்கள்

செய்தி வந்தபோது மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பால்காரர் வாசலில் நின்றபடி சொன்னார்: "எஸ்தர் அக்கா ஸ்டூல்ல ஏறி பூ வச்சிருக்காக. கால் தவறிருச்சு. தலையில அடி." ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில், மகனுக்கு எட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். அது அக்காவிடமிருந்து தொற்றிய பழக்கம்.

தேனி கடைவீதிக்குப் பின்னால், அக்காவின் கணவரான ஜவுளிக்கடைக்காரர் வீட்டுத் தோட்டத்தை நம் தெருவில் அறியாதவர் இல்லை. பெரியகுளத்திலிருந்து கிழங்கு வாங்கி நட்ட டேலியா, சாமந்தி, ஜினியா எல்லாம் மாசிப் பனியில் ஒன்றாகப் பூத்து நிற்கும். வெயில் ஏறுமுன் அக்கா காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு, ஜாடி ஜாடியாக வீட்டுக்குள் வைப்பார். சாமிக்கும் தலைக்கும் தவிர பூவுக்கு வேறு வேலை உண்டு என்பதே எங்கள் வீட்டில் புதிது. "பூவத் தண்ணியில நிறுத்தி வேடிக்க பாக்குறாக" என்று என் மாமியார் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டுவிட்டது. "பாக்கத்தான் ஆத்தா. வேற ஒண்ணுக்கும் இல்ல" என்று அங்கிருந்தே பதில் வந்தது.

ஒரு ஜாடிகூடக் கீழே இருக்காது. பீரோவின் மேல், வாசல் நிலைக்கு மேல் அடித்த பலகையில், எல்லாம் ஆள் எட்டாத உயரத்தில். காம்புகளை ஊறவைக்கும் வாளிகூடக் கொக்கியில் தொங்கும். அக்கா வீட்டுக்குப் போனால் கழுத்துவலித் தைலமும் எடுத்துப் போக வேண்டும் என்று நாம் கேலி பேசுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சிரிக்கும்போதே அவர் கண் தரையை ஒருமுறை துழாவிவிட்டு வரும். அது ஏனோ எனக்குப் பயமாக இருக்கும்.

என் மகன் முதன்முதலாகப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று, பெருமையோடு தூக்கிக்கொண்டு போனேன். அக்கா கையிலிருந்த ஜாடியை மேலே வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பிறகுதான் அவனைப் பார்த்தார்.

"நின்னுட்டானா? இனிமேதான் பாத்துக்கிரணும்."

அப்புறம் சாமந்திக் காம்புகளை நறுக்கியபடியே சொன்னார். நமக்குத் தெரிந்த இரண்டு மகள்களுக்கு முன்னால் அவருக்கு ஒரு மகன் இருந்திருக்கிறான். இதே போல ஒரு மாசியில், குடிதண்ணீர்ச் சொம்பில் செவ்வரளியை அழகாக அடுக்கிக் கூடத்துத் தரையில் வைத்திருக்கிறார். அப்போதுதான் அவனும் நிற்கப் பழகியிருந்தான். "பூவப் பிச்சுப்புடுவானேன்னுதான் பயந்தேன். அரளி ஊறுன தண்ணியக் குடிப்பான்னு நெனப்பே வரல" என்றார். அன்று சாயங்காலம்வரைகூட அவன் இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் எப்படிப் பூ வைக்க முடிந்தது என்று கேட்டுவிட்டேன். "செடி பூக்குறத நிறுத்தலையே. மேல வச்சிட்டா நான் அதக் கண்காணிச்சுக்கிருவேன்" என்றார். வேலியோரத்து அரளியை ஏன் வெட்டவில்லை என்றதற்கு, "வெட்டுனா மறந்துபோகும். எங்கன நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும்ல" என்றார்.

சாவு வீட்டில் எல்லோரும் ஒன்றையே பேசினோம், இல்லையா? இந்த வயதில் ஸ்டூல் எதற்கு, தரையில் வைத்தால் பூ வாடிவிடுமா என்று. நான் மகனை இடுப்பில் வைத்தபடி நின்றேன். அக்காவின் தலைமாட்டில், தரையில், ஒரு சொம்பு. யாரோ பாசத்தோடு வேலியிலிருந்து ஒடித்து வந்த செவ்வரளி அதில் நின்றது. பக்கத்தில் யார் வீட்டுக் குழந்தையோ உட்கார்ந்து சொம்புத் தண்ணீரை விரலால் அளைந்துகொண்டிருந்தது.

மகனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக் கழுவிவிட்டேன். சொம்பை எடுத்தேன். "பொணத்துக்கு வச்ச பூவ ஏம்மா எடுக்குற?" என்று ஒரு குரல் அதட்டியது. மூலையில் கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி ஏறினேன். அது ஆடியது. பிறகு ஆடவில்லை. குனிந்து பார்த்தால், அக்காவின் கணவர் இரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையில், அக்கா கடைசியாக வைத்த டேலியா இன்னும் வாடாமல் இருந்தது. அதன் பக்கத்தில் சொம்பை வைத்தேன். அங்கிருந்து பார்த்தபோது கூடத்தின் தரை மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தது.

இதை நம் தெருவாருக்கு எழுதலாமா என்று அக்காவின் கணவரிடம் கேட்டேன். "எழுதும்மா. அவளக் கிறுக்கின்னு பேசுறத கேக்க முடியல" என்றார். அதனால்தான் தாமதமாகவேனும் எழுதுகிறேன்.

அந்த ஸ்டூலை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். எங்கள் நிலைக்கு மேலும் ஒரு பலகை அடித்தாயிற்று. அக்காவின் சாமந்தி அங்கே இருக்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று மகன் தானாகவே ஸ்டூலில் ஏறி நின்று, பூவை நோக்கிக் கையை நீட்டினான். பலகைக்கு இன்னும் ஒரு முழம் இருக்கிறது.