அம்மாவுக்கு நான் போட்ட பத்தியம்

அம்மாவின் மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டிதான் என்று உறுதியானபோது அவள் பயந்தாள். நான் பயப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவளை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேங்கிக்காலில் இருந்த என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, உதவியாளரிடம் ஆங்கிலத்தில் பேசினார். உடம்பு கனமாக இருக்கிறது, மயக்க மருந்து கொடுக்கும்போது நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்றார்.

"இன்னாடி சொல்றாரு?" என்று அம்மா என் கையை இடித்தாள்.

"நீ ரொம்ப குண்டா இருக்கியாம்."

அவர் சொன்னது அதுவல்ல. கவனமாக இருக்க வேண்டியவர்கள் தாங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் என் காதில் விழுந்தது ‘குண்டு’ என்பது மட்டும்தான். என் கல்லூரி விழாவுக்கு வந்த அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியின் கைகளுக்குள் அடங்காமல் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் யாரோ என்பதுபோல நான் தோழிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை செய்கிறேன். அங்கே தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் சோற்றைத் தொடுவதில்லை. முருங்கைக்கீரையும் வெள்ளரிக்காயும் அடித்த பச்சை ஜூஸ், பப்பாளி, ராத்திரிக்கு ஒரு கிண்ணம் சூப். உடம்பு சுத்தமாகிறது என்பார்கள். அதையே அம்மாவுக்கும் போட்டேன். டாக்டரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"ஆடு துன்றத எனக்கு குடுக்கறியேடி" என்றாள் முதல் நாள்.

"வெள்ளக்காரங்க காசு குடுத்துக் குடிக்கறாங்கம்மா. பேசாம குடி."

"அவங்க துன்னு துன்னு அலுத்துப் போனவங்க. நான் அப்டியா?"

சிரித்தபடி குடித்தாள். சாயங்காலம் மலை சுற்றும் பாதையில் கொஞ்ச தூரம் நடக்க வைத்தேன். நடுவில் அடிக்கடி உட்கார்ந்தாள். சோம்பல் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா, "இன்னா பெரிம்மா, பொண்ணு ஊட்டுக்கு வந்து பாதியா பூட்டீங்க?" என்று கேட்டதற்கு, "எம்பொண்ணு என்ன கரைக்குது" என்றாள் அம்மா. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். தொளதொளத்துப்போன ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சில வாரங்கள் கழித்து, ஆபரேஷனுக்கு முன், மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும். அவர் ஒரு பெண். எடை மெஷினில் அம்மாவை ஏற்றியபோது, என்னைப் பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். பழைய சீட்டில் இருந்த எடையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நாற்காலியில் உட்கார வைத்து, "கைய ஊனாம எழுந்திரிங்கம்மா" என்றார். அம்மா முயன்றாள். பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார்: "என்னம்மா சாப்புடறீங்க?"

அம்மா முந்திக்கொண்டாள்.

"சோறு எறங்கல டாக்டரம்மா. நானாத்தான் உட்டுட்டேன்."

"ஒடம்பு ஜாஸ்தியா இருந்தா அதுக்கேத்த மாதிரி மருந்து குடுக்க எனக்குத் தெரியும். மூச்சுக் குழாய் போடறப்ப தலைய உசத்தி வெச்சுக்குவேன். அது என் வேலை. நீங்க இப்படி சத்தில்லாம வந்தா அப்புறம் புண்ணு எப்படி ஆறும்? சளிய இருமித் துப்பக்கூட பலம் இருக்காது. உங்கள யாரு பட்டினி கெடக்கச் சொன்னது?"

அம்மா தலையைக் குனிந்து திட்டை வாங்கிக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்ட நான், பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு தேறட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள்.

"அதுவரைக்கும் கட்டி வளராதா டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"அதாலதான் எனக்குக் கோவமே" என்றார் டாக்டர்.

வெளியே வந்து, "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"அங்க எல்லார்கிட்டயும் நீ இங்கிலீஷ்ல எவ்ளோ அழகா பேசற. உன்னத் திட்டனா நல்லாவா இருக்கும்?"

திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அதன்பிறகு முட்டை, மீன், பருப்பு, சோறு என்று டாக்டர் சொன்னபடி சமைத்தேன். தினமும் நாற்காலியில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னேன். கட்டி வளர்ந்திருக்குமோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. கையை ஊன்றாமல் எழுந்த பிறகுதான் ஆபரேஷன் நடந்தது. அதே டாக்டர் வெளியே வந்து, "முழிச்சுட்டாங்க, நல்லா இருமறாங்க" என்றார். ஒருவர் இருமியதற்காக நான் அழுதது அன்றுதான்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் இன்றும் சாப்பிட உட்கார்ந்தால், முதலில் போட்ட சோறு முடிந்ததும் அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. குழம்புப் பாத்திரத்தைப் பார்க்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கட்டுமா?"