கொட்டகைச் சுவரில் படித்த தமிழ்

இன்று என் வகுப்பில் சார்ட் ஒட்டுவதற்காகச் சத்துணவுக் கூடத்து அடுப்பில் மைதா பசை காய்ச்சினார்கள். அந்த வாசனை, காரிமங்கலத்தில் நான் படித்த பள்ளிக்கு எதிரே இருந்த சினிமாக் கொட்டகையின் சுவரருகே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

வீட்டில் தெலுங்கு மட்டுமே பேசிய எனக்கு, தமிழ் எழுத்து பாடப்புத்தகத்தில் எறும்பாகவும் அந்தச் சுவரில் யானையாகவும் தெரிந்தது. போஸ்டர் மேல் போஸ்டராக மெத்தைபோல் தடித்துக் கிடந்த சுவரில், மஞ்சளும் சிவப்புமாக என் உயரத்துக்கு நின்ற எழுத்துகளை, காயாத பசை விரலில் ஒட்ட ஒட்டத் தடவிப் பார்த்து, பள்ளி விட்டதும் தினமும் படித்துக்கொண்டிருந்தேன்.

இது தெரியாத டீச்சர், ஆண்டு முடிவில் அம்மாவை வரவழைத்து, "தெலுங்கு பேசற வூட்டுப் புள்ள, எழுத்தே ஏறலைங்க. இன்னொரு வருசம் ஒண்ணாவதுலயே இருக்கட்டும்" என்றார்.

இருவர் கையையும் பிடித்து அந்தச் சுவருக்கு இழுத்துப் போய், நடிகர் பெயரிலிருந்து காட்சி நேரம் வரை அத்தனையையும், ஊருக்குள் படத்தை அறிவித்துப் போகும் மைக் வண்டிக்காரரின் குரலில் முழங்கினேன். ஒரே ஒரு பிழைதான். படம் மாறுவதற்கு முந்தின நாள் போஸ்டருக்குக் குறுக்கே ஒட்டும் தாளைக் காட்டி, "எல்லாப் படத்துக்கும் ஒரே பேருங்க டீச்சர். இன்றே கடைசி" என்றேன்.

டீச்சர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு என் விரல் பசையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"ஒண்ணாங்கிளாசுல இவளுக்கு இன்றே கடைசிங்க."