ரப்பர் வைத்த ஊசிப் பேனா

கொழுந்து பறிக்கிறவளுக்கு விரல் நுனியில்தான் பிழைப்பு. அந்த விரலில் போய் தினமும் ஊசியால் குத்திக்கொள் என்றார்கள். எண்பதுகளின் தொடக்கம். ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அதே தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பதையே கண்டுபிடித்தார்கள். இரண்டாவது உண்டானபோது பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்சுலின் போட வேண்டும், காலையில் ரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் தங்காது.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன அட்டைத் துண்டின் முனையில் வைத்து, சற்றுப் பொறுத்துப் பஞ்சால் துடைத்தால் நிறம் மாறியிருக்கும். டப்பாவில் அச்சடித்த நிறங்களோடு அதை ஒப்பிட வேண்டும். நிறம் கறுக்கக் கறுக்க, சீனி அதிகம். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் என் விரல்களோ கறை ஏறிக் காய்த்துப் போனவை. முதல் குத்தில் ரத்தம் வராது. வந்தாலும் அன்று முழுக்கக் கொழுந்தைக் கிள்ளும்போதெல்லாம் சுரீர் என்னும். பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொள் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் புத்தி சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தியும் தன் விரலை நீட்டவில்லை.

வீட்டுக்காரர் புத்தி சொல்லவில்லை. ஒரு பேனாவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மைக்குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஊசியைப் பொருத்தினார். பொத்தானை அமுக்கினால் ஊசி கண்ணில் படாமல் பாய்ந்து, குத்திவிட்டு, உள்ளே போய்விடும். ஆழம் சரியா என்று தன் விரல்களில்தான் குத்திப் பார்த்தார். அந்த வாரம் அவர் சோறு பிசைந்தபோது ரசம் பட்டு எரிந்து முகம் கோணியது.

“குத்தறதுகூட தெரியல. அந்த டக்குங்கற சத்தந்தான் தூக்கிவாரிப் போடுது” என்றேன்.

“எஞ்சின்கூட இவ்ளோ குறை சொன்னதில்ல லா!”

“எஞ்சினுக்கு வயித்துல புள்ளையா இருக்கு?”

மறுநாள் சைக்கிள் டியூபில் வட்டமாக ரப்பர் வெட்டி உள்ளே வைத்திருந்தார். சத்தம் போயே போய்விட்டது. விரலின் ஓரத்தில் குத்தினால் கிள்ளும்போது வலிக்காது என்பது மட்டும் நான் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு குத்திக்கொள்ள ஒருநாளும் நான் அழவில்லை.

மிச்சமிருந்தது குளிர். விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் ஐஸாக இருக்கும். விரல்கள் மரத்து, எந்தப் பேனாவாலும் ரத்தம் வராது. அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். அவர் காலையில் இனிப்பான டின் பால் ஊற்றித் தேநீர் கலக்குவார். எனக்கு அது கூடாது. ஆனால் குடிப்பதற்கு முன்னால் அந்த எனாமல் கோப்பையை என்னிடம் நீட்டுவார். “மொதல்ல நீ புடிச்சிக்க. கை சூடாவட்டும்.” இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வேன். விரல்கள் சிவந்ததும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குத்திக்கொள்வேன். ஆறிப்போன தேநீரைத்தான் அவர் குடிப்பார். என் வாழ்க்கையில் அவ்வளவு அருமையான காலைகள் வேறு இருந்ததில்லை.

ஆனால் நிறம் கறுத்துக்கொண்டே போனது. “திருட்டுத்தனமா இனிப்பு சாப்புடறியாம்மா?” என்று டிரெசர் கேட்டார். எனக்கு வந்ததே கோபம், அந்த டப்பாவை அவர் மேசையிலேயே விட்டெறிந்தேன். என்னை நம்பியவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். பெரிய டாக்டர் சொல்லி வைத்தபடி இன்சுலினைக் கூட்டினார்கள். பிறகு மறுபடி கூட்டினார்கள்.

ஒருநாள் சரிவில் பறித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கூடையோடு உருண்டு விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பிள்ளை இல்லை. உன் ரத்தத்தில் அவ்வளவு சீனியே இல்லை, மருந்துதான் அதிகமாகிவிட்டது, அளந்ததில் ஏதோ கோளாறு என்றார்கள்.

அளந்ததில் கோளாறு என்றதும் அவர் பேனாவைத்தான் நினைத்தார். வீட்டுக்கு வந்த அன்றே அதை ஃபேக்டரி அடுப்பில் போட்டுவிட்டார். பின்னாளில் பக்கத்து லயத்தில் ஒரு பெண்ணுக்கு இதே நிலைமை. அவள் புருஷன் வந்து, அதே மாதிரி ஒன்று செய்து கொடுங்கள் என்று கெஞ்சினான். “அது ஆள கொல்ற சாமான்” என்று இவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் விரலைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். எனக்கு அதற்குப் பிறகு உண்டாகவே இல்லை.

எண்பதுகள் முடியும் சமயம், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் கையில் புதிதாக ஒன்றைக் கொடுத்தாள். கம்பெனியில் செய்தது. பேனா மாதிரி இருந்தது. அமுக்கினால் ஊசி பாய்ந்து திரும்பியது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “குத்தறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கைய கழுவுங்கம்மா. சீனி, டின் பால் ஏதாச்சும் விரல்ல ஒட்டியிருந்தா அதையும் சேர்த்துக் காட்டிடும்” என்றாள்.

கோப்பையின் பக்கத்தில் வழிந்து காய்ந்திருக்கும் பால் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதைப் பிடித்த கையோடுதான் தினமும் குத்திக்கொண்டிருந்தேன்.

வெளியே மரத்தடியில் அவர் காத்திருந்தார். பேனாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கி அமுக்கிப் பார்த்தார். “சத்தம் வருது. ரப்பர் வைக்கத் தெரியல பாரு.” சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது.

“அப்ப நான் செஞ்சது சரியாத்தான் இருந்துச்சா புள்ள?”

“சரியாத்தாங்க இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி தப்பா காட்டுச்சு?”

பேனாமேல் குற்றமில்லை என்று சொல்லியாகிவிட்டது. மிச்சத்தைச் சொன்னால், ஆறிய தேநீர் குடித்த அந்தக் காலைகள் எல்லாம் அவர் நெஞ்சில் முள்ளாகிவிடும்.

“எனக்கென்னங்க தெரியும்” என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் நல்ல பனி. புதுப் பேனாவை எடுத்து வைத்தேன். அவர் தம் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினார். “புடிச்சிக்க, கை சூடாவட்டும்.” வாங்கிப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் சிவந்ததும் திருப்பிக் கொடுத்தேன். அவர் குடிக்க உட்கார்ந்த பிறகு பின்பக்கம் போய், அந்த ஐஸ் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.