கொடையும் கோடையும்

அன்று கோயிலில் முதலில் சிரித்தது நான்தான். பாடகர் வரிசையில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என் சிரிப்பு எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. இப்படிப்பட்ட பிலிஸுக்கு ஹெலினாவைப் பற்றி எழுத என்ன உரிமை என்று கேட்பீர்கள். முப்பத்தெட்டு வருடச் சிநேகிதம் ஒரு சிரிப்போடு போய்விடாது. அதுவுமில்லாமல், சிரித்தவள் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

ஹெலினா புனேயில், தாபோடியில் பிறந்தவள். அவள் அப்பா ராணுவப் பொறியியல் கல்லூரிப் பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் வேலூர்த் தமிழ், தெருவில் இந்தி, படித்தது மராத்திப் பள்ளிக்கூடம். பிறகு போசரியில் ஒரு பம்ப் கம்பெனியின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று எழுதுவதுதான் அந்த வேலை. ஒருநாள் ஜெனரல் மேனேஜர் பதினோரு நிமிடம் தாமதமாக வந்தார். அதையும் எழுதினாள். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "உங்களுக்குத் தனிக் கடிகாரம் வாங்கித் தந்தா அதைப் பாத்து எழுதறேன் சார்" என்றாளாம். அவளுக்குப் பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் இருபத்திரண்டு வருடமாக மன்றாட்டு வாசிப்பவள் அவள். குரல் கணீரென்று இருக்கும். ஆனால் அவள் கையில் இருக்கும் தாளில் தமிழ் எழுத்து இருக்காது. தமிழை மராத்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பாள். தமிழ் எழுத்தும் அவளுக்குத் தெரியும். ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இது கோயிலில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்ததில்லை, ஏப்ரல் மாதம் வரைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது டிகிரி. மின்விசிறி சுடுகாற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஹெலினா மேடையேறி, "ஆண்டவரே, நீர் தந்த கோடைக்காக உமக்கு நன்றி கூறுகிறோம்" என்று வாசித்தாள்.

மூலத்தில் இருந்தது கொடை. மராத்தியில் குறில் ஒகரம் கிடையாது; கொ, கோ இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். கொஞ்சம், கொடு போன்ற புழங்குகிற சொற்களை நாக்கு தானே குறுக்கிக்கொள்ளும். கொடை என்ற சொல்லைத் தாபோடியில் யார் சொன்னார்கள்? கோடை என்றால் அவளுக்குத் தெரியும். வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடக்கிறதே. வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த நான் குபீரென்று சிரித்துவிட்டேன். எனக்குப் பின்னால் கோயிலே சிரித்தது.

மே மாத வாசகர் பட்டியலில் ஹெலினா பெயர் இல்லை.

பட்டியல் போடுபவன் ஜெரோஷ். நாகர்கோவில்காரன், ஐ.டி. வேலைக்காகப் புனே வந்து ஐந்து வருடமாகிறது. தமிழ்க் குழுவின் செயலாளர். சுறுசுறுப்பான பையன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு விதி எழுதி வாட்ஸாப்பில் போட்டுவிடுவான். பூசை முடிந்து ஹெலினா அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுக்காதீங்க. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவங்கதான் மேடையில நிக்கணும்னு முடிவு பண்ணிருக்கோம்."

"பூசைக்கு வர்றவங்க என்னா பண்றாங்க தம்பி, என் பேப்பரை எட்டிப் பாக்கறாங்களா? காதுலதானே கேக்கறாங்க. காதுக்கு எந்த எழுத்து?"

"அந்தக் காதுலதானே ஆன்ட்டி கோடை விழுந்துச்சு?"

ஹெலினா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "ஜூன் திருவிழாவுக்கு எனக்கு ஒரு தடவை குடு. அதே மன்றாட்டையே குடு. ஒரு எழுத்து தப்புனா நானே இறங்கிடறேன், அப்புறம் மேடைப் பக்கம் வர மாட்டேன். தப்பலேன்னா எம்பேரு பட்டியல்ல இருக்கணும். பஸ், போதுமா?"

"சரி ஆன்ட்டி" என்றான். ஜெயித்துவிட்ட முகத்தோடுதான் சொன்னான்.

ஹெலினா நான்கு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் எனக்குப் போன். "பிலிஸ், இருக்குடீ! குறில் எ, குறில் ஒ, ழ, மூணுக்கும் நம்ம பாஷைக்குன்னே மராத்தி எழுத்துல தனி எழுத்து வெச்சிருக்காங்க. மேல இருக்கற கோடு எதிர்ப்பக்கம் வளைஞ்சா குறில். அறுபத்திமூணு வருஷமா எங்கேடீ இருந்துச்சு இது? ஒருத்தரும் சொல்லலையே!"

எழுத்து இருந்தது, அதைக் காட்டத்தான் எதற்கும் துப்பில்லை. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு அச்சடித்தது. கையால் எழுதினால் அந்தச் சின்ன வளைவு எந்தப் பக்கம் என்று அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மொபைலில் சரியாக வந்தது, ஆனால் விழித்திரைக்கு ஊசி போட்டதிலிருந்து பளபளக்கும் திரையைப் பார்த்தால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். காகிதம்போல் மங்கலாக இருக்கிற திரையும் வேண்டும், எழுத்தைப் பெரிதாக்கவும் வேண்டும். அதனால் மின்புத்தகக் கருவி வாங்குவது என்று முடிவாயிற்று. நானும் கூடப் போனேன். சிரித்த பாவத்துக்கு அதாவது செய்ய வேண்டாமா?

புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பெரிய கடை. விற்பனையாளர் ஷ்ரேயஸ், சிரித்த முகம், கழுத்தில் அடையாள அட்டை. நன்றாக விற்கிற கருவியை எடுத்து நீட்டி, "காகூ, சகளம் சால்தம்!" என்றார். அத்தை, எல்லாம் ஓடும் என்று அர்த்தம். விற்பவர்களின் 'எல்லாம்' எவ்வளவு சின்னது என்பது ஹெலினாவுக்குத் தெரியும். கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். அதில் நான்கு விதமான கோப்புகள் இருந்தன: பழைய வேர்டில் அடித்த மன்றாட்டுகள், பங்குச் சாமியார் அனுப்பிய பி.டி.எஃப், அவளே செய்துவைத்த இபப் மின்புத்தகம் ஒன்று, வெறும் டெக்ஸ்ட் ஒன்று. நான்கிலும் கொடை இருந்தது.

"நான் பேச்சைக் கேட்டு வாங்கறவ இல்ல. திறந்து காட்டுங்க" என்றாள் மராத்தியில்.

முதல் கருவி பென் டிரைவைத் தொடக்கூட மறுத்தது. அதன் சொந்தக் கடையில் வாங்கிய புத்தகம்தான் அதற்குப் பிடிக்குமாம். மற்றதெல்லாம் கணக்குத் தொடங்கி, அனுப்பி, மாற்றித்தான் உள்ளே போகுமாம். "என் ஜெபத்தை எதுக்கு நான் இன்னொருத்தன் வீட்டு வழியா அனுப்பணும்?" என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது கருவி நான்கையும் திறந்தது. ஷ்ரேயஸ் நிமிர்ந்து நின்றார். ஹெலினா எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குறில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வட்டம்.

"ஒரு எழுத்துதானே காகூ" என்றார் ஷ்ரேயஸ்.

"அந்த ஒரு எழுத்துக்குத்தான் நான் வந்திருக்கேன்."

கடையில் இருந்த மற்றவர்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவளுக்கு அது கிஞ்சித்தும் இல்லை. ஷ்ரேயஸ் உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டே ஒரு பெட்டியை எடுத்து வந்தார். யாரும் கேட்காத கம்பெனி, சாம்பல் நிறம், சோப்பு டப்பா மாதிரி தடிமன். ஆனால் அது நான்கு கோப்பையும் திறந்தது. நமக்கு வேண்டிய எழுத்துருவை நாமே உள்ளே போட அதில் ஓர் இடமும் இருந்தது. ஹெலினா தன் எழுத்துருவைப் போட்டாள். வேர்டிலும் இபப்பிலும் டெக்ஸ்டிலும் புள்ளி வட்டம் போய், மேல்கோடு எதிர்ப்பக்கம் வளைந்து வந்தது.

"கொ... டை" என்று கடைக்கே கேட்கும்படி வாசித்தாள். பி.டி.எஃப் மட்டும் எழுத்துரு மாறாமல், வந்தபடியே நின்றது. அதை வீட்டில் திரும்ப அடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, "ஹேச் த்யா" என்றாள். இதையே கொடுங்கள். ஷ்ரேயஸ் இன்னொரு முறை அந்த முதல் கருவியைக் காட்டிப் பார்த்தார். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஜூன் திருவிழா. வெளியே மழை. கோயில் நிறைந்திருந்தது. ஜெரோஷ் முதல் வரிசையில் மன்றாட்டுத் தாளை மடியில் விரித்து, விரலை முதல் சொல்லில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் வாசித்தவளுக்குப் பரீட்சை வைக்க இவன் யார்?

ஹெலினா சாம்பல் டப்பாவோடு மேடையேறினாள். அவசரப்படவில்லை. ழகரம் ழகரமாகவே வந்தது. ளகரத்துக்கு அவளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், மராத்திப் பள்ளிக்கூடமே அதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தது. நான்காவது, கடைசி மன்றாட்டு வந்தபோது நான் பாட்டுப் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, நீர் தந்த கொடைக்காக உமக்கு நன்றி கூறுகிறோம்."

குறில், சுத்தமான குறில். ஜெரோஷின் விரல் தாளின் கடைசிக்கு வந்து நின்றது. அவள் இறங்கியிருக்கலாம், ஆனால் இறங்கவில்லை. நேராக அவனைப் பார்த்தாள். பிறகு கருவியைப் பார்த்து, அதே நிதானத்தோடு வாசித்தாள்.

"ஆண்டவரே, நீர் தந்த கோடைக்காகவும் உமக்கு நன்றி கூறுகிறோம்."

கோயில் மறுபடியும் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. சாமியாரே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எங்கள் எல்லாரையும் மன்னித்தாளா, பழிவாங்கினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கும்.

பூசை முடிந்து ஜெரோஷ் வந்தான். "ஜூலைப் பட்டியல்ல உங்க பேர போட்டாச்சு ஆன்ட்டி" என்றான். தாளை நீட்டி, "ஆனா அந்தக் கடைசி வரி என் தாள்ல இல்லையே?" என்றான்.

ஹெலினா கருவியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரி, ஒன்றில் மேல்கோடு அந்தப் பக்கம், இன்னொன்றில் இந்தப் பக்கம்.

"உன் தாள்ல இல்ல தம்பி. என் ஃபைல்ல இருக்கு."